தனி ஒரு போலிஸ் மேல் நமக்கு ஏன் இவ்வளவு ஆசை?

இளைஞர் சிந்தனைப் பாடம்



இந்த மாதப் பாடத்துக்குச் சினிமாவை எடுத்துக்கொள்வோம். "சமய வகுப்புல சினிமாவா?" என்று யாராவது கேட்டால், ஆமாம், சினிமாதான். தேவாரம் ஒரு பதிகம் முழுசாகத் தெரியாத பிள்ளைக்குக்கூட துரைசிங்கம் பேசும் வசனம் மனப்பாடம். ஒரு கதை அந்த அளவுக்கு நம் மனசில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றால், அது நமக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது என்று பார்ப்பது சமய வகுப்பின் வேலைதானே?

நாம் பேசப்போவது ஒரு குறிப்பிட்ட வகைப் படத்தைப் பற்றி. ஊரே கெட்டுக் கிடக்கும். மேலதிகாரி விலைபோயிருப்பார். அமைச்சர் வில்லன் வீட்டில் சாப்பிடுவார். சாட்சி சொல்ல வந்தவர் பயந்து ஓடிவிடுவார். அந்த ஊருக்கு நேர்மையான போலிஸ்காரர் ஒருவர் மாற்றலாகி வருவார். முதலில் சட்டப்படி முயற்சி செய்வார். எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். கடைசியில் சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவரே துப்பாக்கியால் தீர்ப்பு எழுதுவார். கொட்டகையில் விசில் பறக்கும்.

படம் பார்க்காதீங்க என்று சொல்ல இந்தப் பாடம் எழுதப்படவில்லை. தாராளமாகப் பாருங்கள். அந்த விசில் நமக்குள் எங்கிருந்து வருகிறது, அதில் எது தர்மம், எது வெறும் கோபம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதே நோக்கம்.

1. ஐம்பது வருடக் கதை

இந்தக் கதை நேற்று வந்தது இல்லை. அமெரிக்காவில் 1971இல் 'டர்ட்டி ஹாரி' வந்தது. கைதானவரிடம் அவருக்குள்ள உரிமைகளைப் போலிஸ் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று 1966இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நகரங்களில் குற்றம் கூடிக்கொண்டிருந்த காலம் அது. "குற்றவாளிக்கு இவ்வளவு உரிமையா?" என்று எரிச்சலில் இருந்த மக்களுக்கு அந்தப் படம் சரியான தீனி. ஹாரி பிடித்த கொலைகாரன், போலிஸ் சட்டத்தை மீறிவிட்டது என்ற காரணத்தால் வெளியே வந்துவிடுகிறான். கடைசியில் ஹாரியே அவனைச் சுட்டுவிட்டு, தன் போலிஸ் பேட்ஜைத் தண்ணீரில் வீசி எறிகிறார்.

இந்தியில் 1973இல் 'சஞ்சீர்' வந்தது. அமிதாப் பச்சன் சிரிக்காத, கோபக்கார இன்ஸ்பெக்டர். விலைவாசி ஏற்றம், வேலையில்லாத் திண்டாட்டம், லஞ்சம் என்று மக்கள் வெறுத்துப்போயிருந்த நேரம். அந்தக் கதை அடுத்த வருடமே எம்.ஜி.ஆர். நடித்த 'சிரித்து வாழ வேண்டும்' ஆகத் தமிழுக்கு வந்தது. அதே 1974இல் சிவாஜியின் 'தங்கப்பதக்கம்'. கடமைக்காகப் பெற்ற மகனையே விடாத எஸ்.பி. சௌத்ரியை நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள், கண் கலங்கச் சொல்வார்கள். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகன்மேலேயே தேர் ஓட்டிய மனுநீதிச் சோழனுக்குக் காக்கிச் சட்டை போட்டால் சௌத்ரிதான்.

அப்புறம் வரிசையாக வந்தன. 1982இல் 'மூன்று முகம்' அலெக்ஸ் பாண்டியன், 1990இல் 'புலன் விசாரணை', 1993இல் 'வால்டர் வெற்றிவேல்', 2003இல் 'சாமி', 'காக்க காக்க' இரண்டும், 2010இல் 'சிங்கம்'. நடிகர் மாறினார், மீசை மாறியது, பைக் போய் ஜீப் வந்தது. கதையின் எலும்புக்கூடு மட்டும் மாறவில்லை.

2. ஏன் பிடிக்குது?

முதல் காரணம், காத்திருந்து காத்திருந்து வரும் அலுப்பு. நிஜத்தில் நீதி மெதுவாக நடக்கும். புகார் கொடுத்தால் 'நாளைக்கு வா' என்பார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். படத்தில் இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வில்லன் தண்டனை வாங்குவதை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது, அவர் நம்ம ஆள். துரைசிங்கம் சொந்த ஊர் ஸ்டேஷனிலேயே வேலை பார்க்கும், அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. அவர் பட்டணத்துப் பெரிய புள்ளியை எதிர்த்து நிற்கும்போது நாமே நிற்பதுபோல் இருக்கும். மலேசியாவில் சிறுபான்மையாக வளர்ந்த நமக்கு இதில் இன்னொரு ருசியும் உண்டு. அலுவலக முகப்பில் மணிக்கணக்கில் நின்று, சொன்னது காதில் விழாமல் திரும்பி வந்த அனுபவம் நம் குடும்பங்களில் பலருக்கு இருக்கும். திரையில் ஒரு தமிழன் சீருடையில் நின்று அதட்ட, எதிரே இருக்கிறவன் நடுங்கினால், நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அவர் தனியாக நிற்கிறார். எல்லாரும் வாங்கும்போது வாங்காமல் இருப்பது, எல்லாரும் தலையாட்டும்போது முடியாது என்பது, இதற்குத் தைரியம் வேண்டும். பள்ளியில் கூட்டாளிகள் எல்லாரும் ஒரு தப்புக்குக் கிளம்பும்போது "நான் வரல" என்று சொல்லிப் பாருங்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இந்தப் படங்களில் உள்ள நல்ல சத்து இதுதான். நீதிக்காக ஏங்குவது தப்பே இல்லை. ஏங்காத மனசுதான் ஆபத்து.

3. காக்கிக்குள் காவல் தெய்வம்

நாலாவது காரணம் ஒன்று இருக்கிறது. அது நம் சமயத்தோடு சம்பந்தப்பட்டது.

நம் கிராம வழிபாட்டில் ஊர் எல்லையில் நிற்கிறவர் யார்? ஐயனார், கருப்பசாமி, முனீஸ்வரன், மதுரை வீரன். முறுக்கிய மீசை, உருட்டிய கண், கையில் அருவாள், பக்கத்தில் குதிரை. ராத்திரியில் ஊரைச் சுற்றி வந்து கள்ளனைப் பிடிப்பவர், பொய்ச் சத்தியம் செய்தவனைத் தண்டிப்பவர் என்று நம்பிக்கை. அவர்களுக்கு நாம் வைத்த பெயர் காவல் தெய்வம். போலிஸுக்கும் அதே சொல்தான், காவல் துறை.

நம் முன்னோர் இந்த நாட்டுக்குத் தோட்ட வேலைக்கு வந்தபோது இந்தச் சாமிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். ரப்பர் மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், முனியாண்டி வந்துவிட்டார். சிங்கப்பூர் காமன்வெல்த் டிரைவில் இன்று பெரிதாக நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம்கூட ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய சின்ன வழிபாடுதான். கேட்க ஆளில்லாத இடத்தில் நமக்காகக் கேட்கிற ஒருவர் வேண்டியிருந்தது.

இப்போது அந்தப் படங்களின் பெயரைப் பாருங்கள். ஒன்று 'சாமி', அதில் நாயகன் பெயர் ஆறுச்சாமி. இன்னொன்று 'காக்க காக்க'. அந்தச் சொல்லைக் கேட்டதும் கந்த சஷ்டி கவசம் ஞாபகம் வராத வீடு நம்மிடம் உண்டா? மீசையைப் பாருங்கள், நாயகன் வரும்போது அடிக்கும் பறையையும் உடுக்கையையும் கேளுங்கள். கோயிலில் கேட்டுப் பழகிய அதே அடி. சாமி வருவதுபோலவே நாயகன் வருகிறார். நம் உடம்பு சிலிர்க்கிறது. காவல் தெய்வத்திடம் வைத்த பக்தியை, நமக்கே தெரியாமல், காக்கிச் சட்டைக்கு மாற்றிவிடுகிறோம்.

கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது. தெய்வம் எல்லாம் அறிந்தது என்று நம்புகிறோம். துப்பாக்கி வைத்திருக்கும் மனிதர் எல்லாம் அறிந்தவரா?

4. கேமரா காட்டியது நமக்கு மட்டும்தான்

இந்த வகைப் படத்தில் வில்லன் கொலை செய்வதை நாம் முதல் அரை மணியிலேயே நம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். கேமரா நம்மைச் சாட்சியாக்கிவிடுகிறது. அதனால் நாயகன் சுடும்போது நமக்கு ஒரு துளி சந்தேகம்கூட வருவதில்லை. விசாரணை எதுக்கு, வக்கீல் எதுக்கு, நீதிபதி எதுக்கு? எல்லாம் வில்லனைத் தப்பவைக்கிற ஓட்டைகள் என்று தோன்றும். 'சாமி'யில் பெருமாள் பிச்சை நீதிமன்றப் படி ஏறவே இல்லை. நமக்கு அது குறையாகவும் தெரியவில்லை.

நிஜ வாழ்க்கையில் அந்தக் கேமரா கிடையாது. நமக்குக் கிடைப்பது செய்தி, வாட்ஸ்அப் தகவல், யாரோ சொன்னது.

ஒரு நிகழ்வைப் பார்ப்போம். 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. நான்கு பேரைப் போலிஸ் பிடித்தது. டிசம்பர் 6ஆம் தேதி விடிகாலையில், சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போனபோது தாக்கினார்கள் என்று சொல்லி, நான்கு பேரையும் சுட்டுக் கொன்றது. மக்கள் போலிஸார்மேல் பூத் தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். நிஜத்திலேயே ஒரு கிளைமாக்ஸ்.

பிறகு இந்திய உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையில் ஓர் ஆணையம் வைத்தது. 2022இல் அதன் அறிக்கை வெளியானது. அவர்களைக் கொல்லும் எண்ணத்தோடுதான் வேண்டுமென்றே சுடப்பட்டது என்றது அறிக்கை. இறந்த நால்வரில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அந்த நான்கு பேர்தான் குற்றம் செய்தார்களா, யார் என்ன செய்தார்கள் என்பதை இனி எந்த நீதிமன்றமும் முழுசாகக் கேட்டு முடிவு சொல்ல முடியாது. இறந்துபோன அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வழக்கும் அன்றைக்கே முடிந்துபோனது.

சினிமாவே இதை உணரத் தொடங்கிவிட்டது. வெற்றிமாறனின் 'விசாரணை'யில், லாக்கப்பில் அடிபடுகிறவனின் பக்கத்தில் கேமரா உட்கார்ந்துகொள்கிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அந்தப் படத்துக்கு அடிப்படை. 2024இல் வந்த 'வேட்டையன்' படத்தில் ரஜினி ஓர் என்கவுன்டர் அதிகாரி. ஆசிரியை ஒருவரின் கொலைக்காக அவர் சுட்டுக் கொன்ற இளைஞன் நிரபராதி என்று பிறகு தெரிகிறது. "அவசரப்பட்ட நீதி அநீதி" என்ற பொருளில் அவருக்கு எடுத்துச் சொல்லும் நீதிபதியாக நடித்தவர் யார் தெரியுமா? அமிதாப் பச்சன். 1973இல் கோபக்கார இன்ஸ்பெக்டராக வந்த அதே அமிதாப்.

5. மதுரையில் இரண்டு தண்டனைகள்

நம் இலக்கியத்துக்கும் நாட்டார் கதைக்கும் இந்த விஷயம் புதுசு இல்லை. ஒரே ஊரில் நடந்த இரண்டு கதைகளைப் பாருங்கள்.

முதல் கதை சிலப்பதிகாரம். பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் இல்லை. ஊடலில் எழுந்துபோன மனைவியைச் சமாதானப்படுத்த அரண்மனைக்குள் விரைந்துகொண்டிருக்கிறான். மனசு அங்கே இல்லை. வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பு திருடிய கள்வன் கிடைத்துவிட்டான் என்கிறான். அந்த நொடியே அரசன் காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். அரை நிமிடம் நின்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்து நடப்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். "இவனைப் பார்த்தால் கொலைத் தண்டனைக்கு உரியவனாகத் தெரியவில்லையே" என்ற எண்ணம் அவர்களிடமே எழுகிறது. உடனே பொற்கொல்லன் பெரிய விளக்கம் கொடுக்கிறான். கள்வருக்கு மந்திரம் தெரியும், மருந்து தெரியும், தந்திரம் தெரியும், நேரம் பார்த்து இடம் பார்த்து வருவார்கள் என்று அடுக்குகிறான். "இவனுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்று இன்றைக்கு நாம் கேட்கிறோமே, அதே பேச்சு. அவர்கள் தயங்கி நிற்கும்போதே, ஒன்றும் யோசிக்காத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

பிறகு கண்ணகி சபைக்கு வருகிறாள். சிலம்பு உடைகிறது. உள்ளே அரசியின் முத்து இல்லை, மாணிக்கம் இருக்கிறது. தண்டனைக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய பரிசோதனை தண்டனைக்குப் பிறகு நடந்தது. அரசன் தன்னையே கள்வன் என்று உணர்ந்து உயிர் விடுகிறான். சாக்குச் சொல்லவில்லை, காவலன்மேல் பழி போடவில்லை.

இரண்டாவது கதை மதுரை வீரன். நாட்டார் கதையில் அவர் திருமலை நாயக்கர் காலத்தில் மதுரையைச் சூறையாடிய கள்வரை அடக்க வந்த காவல் வீரர். நம் படங்களில் வரும் தனி ஒரு போலிஸ்காரர் போலவே. அவரையே ராத்திரியில் பிடித்து, சந்தேகத்தின் பேரில், மாறுகால் மாறுகை வாங்கச் சொல்லி உத்தரவாகிறது. காவல் காத்தவரே விசாரணை இல்லாத தண்டனைக்குப் பலியானார். மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலருகே இன்றும் அவருக்குச் சந்நிதி உண்டு. தப்பாகத் தண்டிக்கப்பட்டவரை நம் மக்கள் சாமியாக்கினார்கள். தண்டிக்கச் சொன்னவரைச் சாமியாக்கவில்லை.

மனுநீதிச் சோழன் வாசலில் கட்டிய மணியின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? ஆராய்ச்சி மணி. அடித்தவுடன் யாரையும் தண்டிக்கிற மணி இல்லை, ஆராய்கிற மணி. திருவள்ளுவரும் அரசனுக்குச் செங்கோன்மை என்று ஓர் அதிகாரம் வைத்து, பிறகு கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்று எச்சரிக்கிறார். 57ஆம் அதிகாரமான வெருவந்த செய்யாமை, குற்றத்தைத் தக்கபடி ஆராய்ந்து, அது மறுபடி நடக்காதபடி, குற்றத்துக்கு ஏற்ற அளவில் தண்டிக்கிறவனே அரசன் என்ற கருத்தோடுதான் தொடங்குகிறது. முதலில் ஆராய்ச்சி, பிறகு அளவு, பிறகுதான் தண்டனை. ஆராய்வது தர்மத்துக்குத் தடை இல்லை, அது தர்மத்தின் முதல் படி.

6. "அப்ப சூரசம்ஹாரம் என்கவுன்டர் இல்லையா?"

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். நல்ல கேள்வி. துர்க்கை மகிஷனை வதைத்தாள், நரசிம்மர் இரணியனைக் கிழித்தார், முருகன் சூரனை அழித்தார், நாம் அதைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறோம்.

கந்தபுராணத்தைப் பொறுமையாகப் பாருங்கள். போருக்கு முன்னால் முருகப்பெருமான் வீரபாகுவைத் தூது அனுப்புகிறார். தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு, திருந்து என்று சூரபத்மனுக்கு வாய்ப்புக் கொடுக்கிறார். ராமாயணத்தில் அங்கதன் தூது போகிறான். பாரதத்தில் கண்ணனே தூது போகிறான். எல்லாக் கதவும் திறந்து பார்த்த பிறகு, நேருக்கு நேராக, எல்லாரும் அறிய நடப்பது போர். கடைசியில் சூரன் மாமரமாய் நின்றபோது வேல் இரண்டாகப் பிளக்கிறது. அந்த இரண்டு பாதியும் சேவலாகவும் மயிலாகவும் ஆகி முருகனிடமே சேர்ந்துவிடுகின்றன. எதிரிக்கே கொடியிலும் வாகனத்திலும் இடம் கொடுத்த கதை அது. கைவிலங்கோடு இருப்பவனை யாரும் பார்க்காத நேரத்தில் சுடுவதை இதோடு ஒப்பிட முடியுமா? நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

7. நிஜத்தில் தனியாக நின்றவர்கள்

'டர்ட்டி ஹாரி' வந்து இரண்டு வருடத்தில், 1973இல், 'செர்பிகோ' என்ற படம் வந்தது. அல் பச்சினோ நடித்தது. இது உண்மைக் கதை. ஃபிராங்க் செர்பிகோ நியூயார்க் போலிஸ்காரர். கூட வேலை செய்தவர்கள் மாமூல் வாங்கியபோது அவர் வாங்கவில்லை. மேலே புகார் கொடுத்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1971இல் ஒரு சோதனையின்போது முகத்தில் குண்டடி பட்டது. பிழைத்து வந்து, லஞ்சத்தை விசாரித்த நாப் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். அவர் வில்லன் யாரையும் சுட்டுக் கொன்று புகழ் பெறவில்லை. உண்மையைச் சொன்னதால் பெற்றார்.

தமிழ்நாட்டிலும் ஒருவர் உண்டு. 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லித் தந்தையையும் மகனையும் போலிஸ் கூட்டிப்போனது. சில நாளில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது, மாஜிஸ்திரேட்டை நேரில் போய் விசாரிக்கச் சொன்னது. அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், ராத்திரி முழுக்க அடித்ததையும் லத்தியில் ரத்தக் கறை இருந்ததையும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். வெளியே சக காவலர்கள் நிற்கும்போது பயந்துகொண்டேதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி ஆனது. பின்னர் சி.பி.ஐ. ஒன்பது போலிஸார்மேல் குற்றப்பத்திரிகை போட்டது.

துரைசிங்கத்தின் ஊரும் கதைப்படி அதே தூத்துக்குடி மாவட்டம்தான். 'சாமி', 'சிங்கம்' படங்களை இயக்கிய ஹரி அந்த நேரத்தில் ஓர் அறிக்கை விட்டார். காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்லவும் ஒரு நேர்மை வேண்டும்.

நிஜமான தனி ஒரு போலிஸ் எப்படி இருப்பார் என்று இப்போது தெரிகிறதா? மீசை இல்லை, பின்னணி இசை இல்லை, பறந்து அடிக்கவில்லை. கூட இருக்கிறவர்கள் பொய் சொல்லும்போது அவர் உண்மை சொன்னார். கோவலன் கதையில் தயங்கி நின்ற காவலர்கள் கடைசிவரை சொல்லாமல் விட்ட வார்த்தையை, இந்தப் பெண் சொல்லிவிட்டார்.

8. நம் நாட்டில்

இதெல்லாம் எங்கேயோ நடப்பது என்று விட்டுவிட முடியாது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட ஒரு தமிழ் இளைஞர் லாக்கப்பில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பம் விடாமல் கேட்டு நடந்த இரண்டாவது பரிசோதனை, பலமாக அடிக்கப்பட்டதால் ஏற்பட்ட சிறுநீரகப் பாதிப்பைச் சொன்னது. ஒரு கான்ஸ்டபிள் காயம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். 2013இல் உயர் நீதிமன்றம் அவருடைய தாயாருக்கு இழப்பீடு தரும்படி தீர்ப்பளித்தது. அந்த அம்மாவும் ஒரு வகையில் நீதி கேட்டு வந்த கண்ணகிதான்.

அந்த இளைஞர் குற்றம் செய்தாரா இல்லையா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டுச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

படத்தில் வில்லனின் அடியாட்கள் எப்படி இருப்பார்கள்? கறுத்த முகம், கையில் கயிறு, சங்கிலி, கலைந்த முடி. கொஞ்சம் கண்ணாடியைப் பாருங்கள். இந்த நாட்டில் அந்த முகத்தோடு ராத்திரி மோட்டார் சைக்கிளில் போகிறவர் யார்? நம் அண்ணன், நம் மச்சான். திரையில் அந்த முகத்தை விசாரிக்காமல் அடிக்கும்போது கைதட்டிப் பழகிவிட்டு, தெருவில் அதே முகத்துக்கு நியாயம் கேட்டால் எப்படி?

போலிஸ் படையைச் சீரமைப்பது பற்றி அரச ஆணையம் 2005இல் அறிக்கை கொடுத்தது, சுயேச்சையான கண்காணிப்பு ஆணையம் வேண்டும் என்றது. பல வருட இழுபறிக்குப் பிறகு 2022இல் ஒரு சட்டம் வந்து, 2023 ஜூலை 1 முதல் போலிஸ் நடத்தைக்கான சுயேச்சை ஆணையம் நடைமுறைக்கு வந்தது. முதலில் பரிந்துரைத்த அளவுக்கு இதற்கு அதிகாரம் இல்லை என்று வழக்கறிஞர் மன்றம் உட்படப் பலர் குறை சொல்கிறார்கள். படத்தில் ஒரே ஆள் ஒரே ராத்திரியில் செய்வதை, நிஜத்தில் பல பேர் பல வருடம் மனுப்போட்டு, வழக்குப்போட்டு, எழுதி, பேசித்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சில விஷயங்கள்:

• கைதானால், காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

• விசாரிக்கும் முன், உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அனுமதி கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவு இதைச் சொல்கிறது.

• 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும் என்று அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்கிறது.

• வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத குடிமக்களுக்கு ஒய்.பி.ஜி.கே. என்ற தேசியச் சட்ட உதவி அறவாரியம் உதவுகிறது.

• மரியாதையாகப் பேசுங்கள், ஓடாதீர்கள், கை ஓங்காதீர்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போலிஸ் வேலையை நேர்மையாகச் செய்கிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். படையில் சேரும் இந்திய இளைஞர்கள் குறைவு என்ற பேச்சு பல வருடமாக இருக்கிறது. உங்களில் யாருக்காவது அந்த ஆசை இருந்தால் தயங்காமல் மனுப்போடுங்கள். 'தீரன் அதிகாரம் ஒன்று' படத்தில் சண்டைக் காட்சிகளை விட்டுவிட்டு, கைரேகையை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஊர் ஊராக அலைகிற பகுதியைப் பாருங்கள். போலிஸ் வேலையின் பெருமை அந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.

9. கலந்துரையாடலுக்கு

குழுவாக உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசுங்கள். எல்லாரும் ஒரே பதில் சொல்ல வேண்டியதில்லை.

1) உங்களுக்குப் பிடித்த போலிஸ் படம் எது? நாயகன் செய்ததில் எது நேர்மை, எது வெறும் வன்முறை? தனித்தனியாகப் பட்டியல் போடுங்கள்.

2) அந்தப் படத்தில் வில்லன் குற்றம் செய்யும் காட்சிகளை வெட்டிவிட்டால், நாயகன் சுடுவது உங்களுக்கு எப்படித் தெரியும்?

3) பாண்டியன் பொற்கொல்லனிடம் என்னென்ன கேள்வி கேட்டிருக்க வேண்டும்? குறைந்தது மூன்று சொல்லுங்கள்.

4) 'சந்தேக நபர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்' என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. "நல்லா வேணும்" என்று நான்கு பேர் எழுதுகிறார்கள். நீங்கள் என்ன எழுதுவீர்கள்?

5) கூட்டாளி செய்த தப்பைப் பார்த்துவிட்டீர்கள். ஆசிரியர் கேட்கிறார். சொன்னால் காட்டிக்கொடுப்பதா, சாட்சி சொல்வதா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த மாதப் பயிற்சி: வீட்டிலோ பள்ளியிலோ ஒருவரைப் பற்றிக் குறை கேட்கும்போது, அவரைத் திட்டுவதற்கு முன்னால் அவரிடமே ஒரு தடவை கேளுங்கள். தம்பிமேல் வந்த புகாராக இருந்தாலும் சரி. கேட்டபிறகு உங்கள் முடிவு மாறியதா என்று குறித்துவைத்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்த்துவிட்டு, இந்தக் கேள்விகளை அதன்மேல் போட்டுப் பார்ப்போம். எந்தப் படம் என்பதை நீங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள்.